முடி கடைசியில்தான் வரும்

டெங்குவோ டைபாய்டோ வந்து போன வீட்டில் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு கலவரம் தொடங்கும். காய்ச்சலை எல்லோரும் மறந்திருப்பார்கள். மருந்துச் சீட்டு பரணுக்குப் போயிருக்கும். அப்போதுதான் தலை வாரும்போது சீப்பில் கற்றை கற்றையாக முடி வரும். குளியலறை வடிகாலில் சுருண்டு கிடக்கும், தலையணை உறையில் ஒட்டியிருக்கும். காஞ்சிபுரம் நகரத்திலும் சரி, அதை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களிலும் சரி, இந்தக் கட்டத்தில் யாரும் காய்ச்சலைச் சந்தேகிப்பதில்லை. தண்ணீரில் உப்பு கூடிவிட்டது, ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை, கண் பட்டுவிட்டது என்றுதான் பேச்சு போகும். பிறகு ஒரு எண்ணெய்ப் பாட்டில் வீட்டுக்குள் வரும். இன்னும் மூன்று மாதத்தில் முடி கொட்டுவது நின்றுவிடும். எண்ணெய்க்குப் பெயர் வந்துவிடும்.

அந்தப் பெயர் நியாயமானதுதானா என்பதை இங்கே பார்க்கலாம். நோய்க்குப் பின் உடம்பைத் தேற்றுவதில் ஆயுர்வேதம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் வயிறு, பிறகு ரத்தமும் தசையும், முடியும் தோலும் எல்லாவற்றுக்கும் பிறகு. இன்று ஆயுர்வேதத்தின் பெயரில் கடையில் விற்பது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிய சரக்கு.

முடியின் கணக்கை முதலில் பார்ப்போம். தலையில் உள்ள முடிகளில் சுமார் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சம் ஓய்வில் இருக்கும். வளரும் பருவம் சில ஆண்டுகள் நீளும். ஓய்வுப் பருவம் ஏறத்தாழ மூன்று மாதம். கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, திடீர் எடைக் குறைவு என்று உடம்புக்குப் பெரிய அடி விழும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அப்போதே அவை விழுவதில்லை. ஓய்வுக் காலம் முடிந்து, அடியில் புது முடி முளைவிடும்போதுதான் பழையது கழன்று வருகிறது. 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விவரித்து ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்று பெயரிட்டார். வேறு கோளாறு இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். சீப்பில் வரும் முடியைப் பார்த்து வீடே பதறுகிற நாட்களில் மண்டையின் அடியில் புது முடி வந்துகொண்டிருக்கிறது. அது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால் கண்ணுக்குத் தெரிய நாளாகிறது.

நம் வீட்டுப் பெண்கள் இந்தக் கணக்கைத் தோல் மருத்துவர்களைக் கேட்காமலே வைத்திருந்தார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். சிரிப்பு முடியைப் பறிப்பதில்லைதான். ஆனால் குழந்தை ஆள் அடையாளம் தெரிந்து சிரிப்பதும், பிரசவத்தில் ஓய்வுக்குப் போன முடி விழுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடக்கின்றன. காரணம் தவறு, காலம் சரி. மரபு அறிவில் இப்படி நிறைய உண்டு. காரணம் தவறு என்பதற்காகக் காலக்கணக்கையும் தூக்கி எறியத் தேவையில்லை.

ஆயுர்வேத நூல்கள் முடியை எங்கே வைக்கின்றன என்பது இந்த இடத்தில் முக்கியம். உண்ட உணவு செரித்து ரசமாகி, ரசம் ரத்தமாகி, பிறகு தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்று ஏழு தாதுக்களாக மாறுகிறது என்பது அவற்றின் உடலியல். ஒவ்வொரு தாதுவும் உருவாகும்போது ஒரு கழிவும் உண்டாகிறது. தலைமுடியும் மயிரும் நகமும் எலும்பு உருவாகும்போது மிஞ்சுபவை. தோலில் கசியும் எண்ணெய்ப் பசை மஜ்ஜையின் கழிவு. ரசம் ஒவ்வொரு தாதுவிலும் 3,015 கலைகள் (பழைய கால அளவு) தங்கிப் போகிறது என்றும், கடைசித் தாதுவரை போய்ச்சேர ஒரு மாதம் ஆகும் என்றும் ஆயுர்வேத நூலாசிரியர் சுசுருதர் சொல்கிறார். இன்றைய உடலியலோடு இது பொருந்தாது. பொருத்திக் காட்ட முயல்வது வீண் வேலை. ஆனால் சிகிச்சைக்கு முன்னுரிமை வகுக்கும் முறையாக இதைப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. முடியும் தோலின் மினுமினுப்பும் உடம்பு தன் வேலையெல்லாம் முடித்தபின் மிஞ்சுவதைக் கொண்டு செய்பவை. நெருக்கடியில் உடம்பு முதலில் கைவிடுவது அவற்றைத்தான். கிளிக்மன் வேறு வழியில் வந்து சேர்ந்த இடமும் இதற்குத் தூரமில்லை.

அதனால்தான் நூல்கள் வயிற்றில் அத்தனை நேரம் செலவிடுகின்றன. இன்னொரு நூலாசிரியரான சரகரின் விளக்கப்படி, செரிக்கும் இடத்தில் இருக்க வேண்டிய வெப்பம் அங்கிருந்து விரட்டப்பட்டு உடம்பெங்கும் பரவுவதே காய்ச்சல். தொட்டால் சுடுகிறது, உள்ளே அடுப்பு அணைந்திருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் உணவைக் குறைப்பது, பிறகு கஞ்சி, பிறகு கஷாயம், நெய் அதற்கும் பிறகு. வாந்தி, பேதி கொடுத்துச் சுத்தி செய்தபின் உணவுக்கு வருவதற்கு ‘சம்சர்ஜனக் கிரமம்’ என்ற படிவரிசையே உண்டு. முதலில் சோறு கரைந்த நீர்க் கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு உப்பும் நெய்யும் சேராத பருப்புத் தண்ணீர், பிறகு தாளித்த பருப்புச் சாறு, கடைசியில் இறைச்சிச் சாறு. சுத்தி முழுமையாக நடந்தவருக்கு ஒவ்வொரு படியும் மூன்று வேளை, நடுத்தரமாக நடந்தவருக்கு இரண்டு, லேசாக நடந்தவருக்கு ஒன்று. கஞ்சிக்குத் தண்ணீர் அளவைக்கூடப் பிற்கால நூலாசிரியர் சார்ங்கதரர் விட்டுவைக்கவில்லை. தெளிந்த மண்டத்துக்கு அரிசியைப் போல் 14 பங்கு, யவாகுவுக்கு 6 பங்கு, விலேபிக்கு 4 பங்கு. சிறு நெருப்பில் முதலில் புல்லும் வறட்டியும் போட்டு வளர்த்த பிறகுதான் கட்டை வைக்கலாம் என்று சரகர் இதற்கு ஓர் உவமையும் சொல்கிறார்.

இந்தப் படிவரிசையை நவீன மருத்துவமும் ஒரு கட்டத்தில் கற்றுக்கொள்ள நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்து, அதனாலேயே சிலர் இறந்தார்கள். ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று சரிவது காரணம் என்று பிறகு புரிந்தது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையிலும் முதல் கட்டத்தில் 100 மில்லிக்கு 75 கலோரி உள்ள நீர்த்த பால்கலவை. உடம்பு நிலைப்பட்ட பிறகுதான் 100 கலோரி உள்ள அடுத்த கலவை. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்றாலும் அடிப்படைத் தர்க்கம் ஒன்றுதான். வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் போவதும் தெரிந்த விஷயம். மோருக்கு நூல்கள் கொடுக்கும் இடமும், அந்த நாட்களில் பாலைத் தள்ளிவைக்கும் வீட்டு வழக்கமும் இதோடு ஒத்துப்போகின்றன.

தமிழ்நாட்டு வீடுகளில் இது பத்தியம் என்ற பெயரில் வாழ்கிறது. பொரிக் கஞ்சி, மிளகு ரசம், குழைந்த சோறு, சுட்ட அப்பளம். பிள்ளை பெற்றவளுக்குச் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, திப்பிலி சேர்த்து இடித்த அங்காயப் பொடி. ஆனால் இதில் ஒரு விபத்தும் நடந்திருக்கிறது. நூல்களின் படிவரிசை ஒரு வாரத்தில் முடிந்து, இறைச்சிச் சாற்றோடு வழக்கமான சாப்பாட்டில் கொண்டுவந்து விடும். வீட்டுப் பத்தியமோ சில இடங்களில் மண்டலக்கணக்கில் நீள்கிறது. ரசம் சாதத்திலேயே நாற்பது நாள் கிடப்பவருக்குப் புரதமும் கிடைக்காது, இரும்பும் கிடைக்காது. முடி கொட்டுவதற்குப் புதிதாக இன்னொரு காரணம் கிடைத்துவிடும். ஆட்டுக்கால் சூப்பும் நாட்டுக்கோழி ரசமும் கொடுத்துத் தேற்றும் வீடுகள், சைவச் சமையலறைகளைவிட இந்த விஷயத்தில் சரகருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. சைவ வீடு என்றால் கடைசிப் படியை விட்டுவிடாமல் பயறு, பருப்பு, முட்டை சேர்ப்பவர்களுக்கு முட்டை என்று நிரப்பிக்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரத்தைப் பேசும்போது வரதராசப் பெருமாள் கோயில் இட்லியைத் தாண்டிப் போக முடியாது. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி அவிக்கும் அந்த இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேரும். செரிமானத்துக்கு ஆயுர்வேதத்தில் பேர்போன ஹிங்குவாஷ்டக சூரணத்திலும் பெருங்காயம், சுக்கு, மிளகு, சீரகம் உண்டு. அதை நெய்யில் குழைத்து முதல் கவளத்தோடு சாப்பிடச் சொல்வார்கள். எது எதிலிருந்து வந்தது என்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே சமையலறை அறிவு இரண்டு இடத்திலும் தெரிகிறது, அவ்வளவே. அதற்காகக் காய்ச்சல் விட்ட மறுநாள் குடலை இட்லியைக் கொடுத்துவிடக் கூடாது. உளுந்தும் நெய்யும் கனத்த பண்டம் அது. தேறியவருக்கு உரியது.

வயிற்றை முதலில் வைக்கும் இந்த வரிசை ஏட்டில் மட்டும் இருந்ததா, நடைமுறையிலும் இருந்ததா என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு சான்று கல்லில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல், பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கே.வி. சுப்பிரமணிய அய்யர் ‘எபிகிராபியா இந்திகா’வில் அதைப் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. சாலையில் 15 படுக்கை. மருத்துவர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர் ஒருவர், 30 கலம். மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய விளக்கு.

சோழர் கால ஆதுலர் சாலைகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தப் படுக்கைக் கணக்கோடு பெருமைப்பட்டு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, ஓர் ஆண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டும் என்று கல்வெட்டு வரிசைப்படுத்தும் சுமார் 20 மருந்துகள். கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை மட்டுமே நான்கு: வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி. வில்வாதி கிருதம், மண்டூர வடகம், கல்யாண லவணம், ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், பல ஆண்டு பழகிய நெய்யான புராண சர்ப்பி. ஆயுர்வேத நூல்களில் இவற்றில் பலவற்றின் வேலை என்ன என்று பார்த்தால் மூலம், கிரகணி என்ற குடல் நோய், மலக்கட்டு, வீக்கம், சோகை, இருமல் என்று வருகிறது. குடலும் ரத்தமுமே அந்தச் சாலையின் பெரிய கவலை. கூந்தல் வளர்க்கும் தைலமாகவோ மேனி நிறம் கொடுக்கும் களிம்பாகவோ அடையாளம் காணக்கூடிய எதுவும் அந்தப் பெயர்களில் எனக்குத் தென்படவில்லை. அதே கல்வெட்டு விடுதி மாணவர்களின் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் ஒதுக்குகிறது. தலைக்கு எண்ணெய் நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைகளின் செலவுக் கணக்கில் வருகிறது. நோயாளியின் கணக்கில் வருவது கடுக்காய்.

இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் எண்ணெய்க் குளியலை நாள்தோறும் செய்யச் சொல்லும் அதே இடத்தில் விலக்கும் சொல்கிறது. செரியாமை உள்ளவருக்குக் கூடாது, சுத்தி முடிந்த கையோடு கூடாது, கபம் மிகுந்தவருக்குக் கூடாது. காய்ச்சல் விட்டவர் பலம் திரும்பும்வரை உழைப்பு, உடலுறவு, குளியல், அலைச்சல் நான்கையும் தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் காய்ச்சல் திரும்பும் என்கிறார் சரகர். அம்மை இறங்கினால் நாள் எண்ணித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பசி எடுக்காதவர் தலையில் எண்ணெயைக் கொட்டுவது மரபுப்படியே பிழை.

மண்டூர வடகத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மண்டூரம் என்பது பழைய இரும்புக் கிட்டம். சுத்தி செய்து, புடம்போட்டு, கோமூத்திரத்தில் காய்ச்சிச் சோகைக்குக் கொடுத்தார்கள். முடி கொட்டும் பெண்ணுக்கு இன்றைய தோல் மருத்துவர் எழுதும் முதல் சோதனைகளில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே இரும்பு குறைந்த உடம்பில் டெங்குவும் வந்து போனால் முடி எவ்வளவு நாளில் திரும்பும் என்பது எண்ணெயைப் பொறுத்த விஷயமாக இருக்காது. இதற்காகக் கிட்ட மருந்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது.

தோலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காய்ச்சலுக்குப் பின் தோல் வறண்டு செதிலாக உரிவது இயல்பு. மேல்தோல் சில வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். சிக்குன்குனியாவுக்குப் பின் மூக்கிலும் கன்னத்திலும் வரும் கருமை சில மாதம் எடுத்துத் தானாக மங்கும். சோப்பைக் குறைத்துப் பயத்தமாவு, பசி திரும்பிய பிறகு மிதமாக நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய், வெயிலில் காப்பு. இதற்கு மேல் விலை கொடுத்து வாங்குவதில் பெரும்பகுதி மணம்தான்.

எண்ணெய்க்கு வருவோம். கரிசலாங்கண்ணி, அவுரி, நெல்லி போட்டுக் காய்ச்சிய தைலங்கள் மரபில் உண்டு, அவற்றை மறுக்கவில்லை. 2003-இல் ரேலேயும் மோஹிலேயும் வெளியிட்ட ஆய்வில் தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது போகும் புரதத்தைக் குறைப்பது தெரிந்தது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. இருக்கிற முடி உடையாமல் இருக்க இது உதவும். ஓய்வுக்குப் போன வேரை எழுப்பும் என்பது வேறு கூற்று, அதற்கு இது சான்றாகாது. மூன்றாம் மாதத்தில் தேய்க்கத் தொடங்கி ஆறாம் மாதத்தில் கொட்டுவது நின்றால், தேய்க்காத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் நின்றிருக்கிறதா என்று விசாரிப்பதே நியாயமான சோதனை. இந்தக் காலப்பொருத்தம்தான் எண்ணெய் வியாபாரத்தின் பெரிய மூலதனம்.

எண்ணெய் ஏமாற்றினால் பணம்தான் போகும். உள்ளே சாப்பிடுவது ஏமாற்றினால் ஈரல் போகலாம். கொரோனாவுக்குப் பிறகு தேறுபவர்களுக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் சியவனப்பிராசம், அசுவகந்தி, சீந்தில் எல்லாம் இருந்தன. சீந்தில் கொடியை வீட்டிலேயே கொதிக்கவைத்து மாதக்கணக்கில் குடித்தவர்கள் அதற்குமுன்பே ஏராளம். அந்த ஆண்டு இறுதியில் ஈரல் வீங்கி மஞ்சள் காமாலையோடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். 2022-இல் 13 மையங்களைச் சேர்ந்த 43 நோயாளிகளைப் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. தன்னெதிர்ப்பு வகை ஈரல் அழற்சியின் சாயல் பலரிடம் தெரிந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. வேறு இனச் சீந்திலை மாற்றிப் பறித்திருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும் வேலியில் பறித்துக் குடிப்பவருக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதேனும் இருந்தது. திருமுக்கூடல் பட்டியலில் உள்ள பல்லாதகம், அதாவது சேங்கொட்டை, துணியில் வண்ணான் குறி போடப் பயன்பட்டது. அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதைச் சுத்தி செய்யவும் அளவு பார்க்கவும் அங்கே சம்பளத்துக்கு ஒரு மருத்துவர் இருந்தார்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்துக்கும் அடையாளம் உண்டு. கொட்டுவது ஆறு மாதத்தைத் தாண்டினால், வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தால், மண்டையில் புண்ணோ செதிலோ இருந்தால், கூடவே களைப்பும் எடைமாற்றமும் இருந்தால் தைராய்டும் ரத்தமும் பார்த்தாக வேண்டும். பசியே திரும்பாமல் இரண்டு வாரம் போனாலும், கண் மஞ்சளித்தாலும், மலம் கறுத்தாலும் கஞ்சியோடு காத்திருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான மருந்து சரகர் சொன்ன ஓய்வு. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, மிதித்து, நாடா தள்ளி நெய்பவருக்கு வருமானம் புடவைக் கணக்கில். தறி நின்றால் கூலி இல்லை. பாவு ஏற்றிய தறியைப் பாதியில் விட்டுவிட்டு, பலம் திரும்பும்வரை உழைக்காதே என்றால் அந்த நாட்களின் அரிசியை யார் கொடுப்பது? எண்ணெய்ப் பாட்டில் இவ்வளவு சுலபமாக வீட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மருந்துகளில் தறியை நிறுத்தச் சொல்லாதது அது.